தம்பலகாமத்துக் கல்வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் வயலோரமாக நிற்கும் எங்கள் அம்மம்மா வழி வீட்டைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர், பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள், வீதியால் போகும்போது நிறுத்திப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். குடும்பப் பெயரைப் போடவில்லை. கிளைகள் பல நாடுகளில் பரந்து கிடக்கின்றன, எல்லாரிடமும் சம்மதம் கேட்காமல் போடுவது சரியில்லை.

இது யார் இருந்த மாளிகை? வன்னியனார் (அந்தக் காலக் குறுநிலத் தலைவர்) வீடா?

மாளிகை என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். இது கமக்கார வீடு. நெல் விதைத்து, அறுத்து, சூடு மிதித்து, சேமித்து, நல்ல விலை வரும்வரை வைத்திருந்து விற்ற ஒரு குடும்பம் கட்டியது. ஊரில் வசதியான குடும்பம்தான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை, ஆனால் பட்டம் பதவி எதுவும் இருந்ததாக எங்களிடம் இருக்கும் எந்த உறுதியிலும் (காணிப் பத்திரத்திலும்) இல்லை. தூண்களில் சிற்பம் கிடையாது, கதவில் கொஞ்சம் வேலைப்பாடு உண்டு, அவ்வளவுதான். வீட்டில் மிகப் பெரிய அறை எது என்று பார்த்தால் நெல் வைக்கும் அறை! மனிதர் படுத்த அறைகள் அதற்குப் பாதிகூட இல்லை. யார் வந்தாலும் நான் முதலில் வாய்க்காலுக்குக் கூட்டிப் போய் வயலைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் காரணம் வயலில்தான் இருக்கிறது.

எந்த ஆண்டு கட்டினார்கள்?

ஒரே ஆண்டு என்று ஒன்று இல்லை. இப்படிப்பட்ட வீடுகள் ஒரு தடவையில் எழும்பியவை அல்ல, நல்ல போகம் வந்த ஆண்டுகளில் ஒரு பக்கம், மகளுக்குக் கல்யாணம் பேசும்போது இன்னொரு பக்கம் என்று வளர்ந்தவை. எங்கள் வீட்டில் நடுப்பகுதிச் சுவர் தடித்தது, சேறும் கல்லும் வைத்துக் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியது. முன் விறாந்தையும் பக்க அறைகளும் செங்கல். இரண்டும் ஒரே காலத்து வேலை அல்ல என்பது சுவர் சேரும் மூலையில் விரல் வைத்துப் பார்த்தாலே தெரியும், அந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு நேர்க்கோடாக வெடிப்பு ஓடுகிறது, பழைய சுவரோடு புதிய சுவரைப் பல் வைத்துக் கோக்காமல் ஒட்டிவிட்டிருக்கிறார்கள்.

எழுத்துச் சான்று என்று பார்த்தால் உறுதிதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு, காணி கைமாறுவதென்றால் எழுத்தில், நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்பு ஓலையிலும் வாய்ச்சொல்லிலும் நடந்த பல கைமாற்றங்களுக்கு இன்று தடயமே இல்லை. அதனால் கிழக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கடதாசியில் வரலாறு 1840க்குப் பிறகுதான் தொடங்குகிறது. எங்களுடைய பழைய உறுதியில் காணியை எல்லை சொல்லும்போது ‘கிடுகு வீடும் கிணறும்’ என்று இருக்கிறது, அதே காணிக்கு இரண்டு தலைமுறை கழித்து எழுதிய சீதன உறுதியில் ‘ஓட்டு வீடும் நெற்களஞ்சியமும் கிணறும்’ என்று இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், அந்த இரண்டு வரிகளுமே கதையைச் சொல்லிவிடுகின்றன.

கூரை ஓட்டில் 1865 என்று இருக்கிறதே, அப்படியானால் வீடு 1865இல் கட்டியதுதானே?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள், வேறு வீடுகளிலும் இதே குழப்பம் உண்டு. 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த ஆண்டைத் தங்கள் அடையாளமாகவே ஓட்டில் அச்சடித்து வந்தார்கள், அந்தத் தொழிற்சாலைகளின் ஓடுகளில் பல பத்தாண்டுகள் கழித்து வார்த்தவற்றிலும் அதே 1865 இருக்கும். அதனால் ஓட்டைப் பார்த்துச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: இந்தக் கூரை 1865க்கு முந்தியது அல்ல. எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது. எங்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில் இன்னும் கொஞ்சம் பழைய பாதி வட்ட ஓடுகள் கிடக்கின்றன, ஊர்ச் சூளையில் சுட்டவை, கையால் வளைத்த விரல் தடம் சிலவற்றில் அப்படியே இருக்கிறது. மங்களூர்த் தட்டை ஓடு வருவதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு ஓட்டுக் கூரை இருந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஓடு மாற்றும் வீட்டுக்காரர் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து பழைய ஓடுகளில் ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாவது எடுத்து வையுங்கள்.

இவ்வளவு வசதி எங்கிருந்து வந்தது?

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரிலிருந்து. இதைச் சொல்லாமல் தம்பலகாமத்தில் எந்த வீட்டுக் கதையையும் தொடங்க முடியாது.

குளம் மிகப் பழையது. நம் மரபு குளக்கோட்டு மன்னனைச் சொல்கிறது, கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் கோயிலையும் குளத்தையும் வயலையும் ஒரே திட்டமாகப் பேசுகிறது. சிங்கள வரலாற்று மரபு 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்கிறது. யார் கட்டியது என்று சண்டை பிடிப்பதைவிட, யார் வந்தாலும் போனாலும் அந்தத் தண்ணீர் தம்பலகாமத்து வயலுக்கு வந்துகொண்டே இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1786இல் திருகோணமலையின் ஒல்லாந்த ஆளுநராக இருந்த வான் செண்டன் இந்தப் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். ஊர்களின் நிலை, வயல், குளம் எல்லாம் அதில் வருகிறது, கோட்டைக்கு வேண்டிய நெல்லை வெளியிலிருந்து கொண்டுவராமல் இங்கேயே விளைவிக்க முடியுமா என்பது அவருடைய கவலை.

பிறகு ஆங்கிலேயர் காலம். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் குளம் சரியாகப் பராமரிக்கப்படாமல் கிடந்தது, கிடைத்த தண்ணீரில் செய்த வயல்தான். 1870களில் அரசு குளத்தைத் திருத்தியது. அதற்குப் பிறகு பெரும்போகத்தோடு சிறுபோகத்தையும் நம்பிச் செய்யலாம் என்ற நிலை வந்தது. மழையை மட்டும் பார்த்திருப்பவனுக்கு வருடத்தில் ஒரு அறுவடை, வாய்க்கால் தண்ணீர் உள்ளவனுக்கு இரண்டு. ஒரு அவணம் இரண்டு அவணம் விதைத்தவனுக்கு அது சாப்பாட்டுக்குப் போதும் என்ற நிம்மதி, நிறைய நிலம் வைத்திருந்தவனுக்கு அது ஓட்டு வீடு. எங்கள் வீடு பெருத்ததும் அந்தக் காலத்தோடுதான் பொருந்திப் போகிறது.

நெல்லோடு மாடும் சேர்ந்த செல்வம். வயல் மிதிக்க எருமை, வண்டிக்கு எருது, பாலுக்குப் பசு. தண்டவாளம் திருகோணமலைக்கு வந்தது 1927இல்தான். அதுவரை நெல் மூட்டை நகரத்துக்குப் போனது மாட்டு வண்டியில், அல்லது தம்பலகாமக் குடாவால் வள்ளத்தில். கடற்படைத் துறைமுகமும் கோட்டையும் இருந்த நகரத்துக்கு அரிசி எப்போதும் வேண்டும். ஆனால் இந்தியாவிலிருந்து வந்த அரிசி மலிவு, அதோடு போட்டி போட்டு விற்பதற்கு நெல்லைச் சேமித்து வைத்து விலை ஏறும் மாதத்தில் அவிழ்க்கக்கூடியவனால்தான் முடிந்தது. அந்தப் பெரிய நெல் அறைக்கு அதுதான் அர்த்தம்.

அரசுக்கு வரி கட்டவில்லையா?

கட்டினார்கள். விளைச்சலில் பத்தில் ஒன்று என்பது பொதுவான கணக்கு. பல காலம் அந்த வரியை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விட்டார்கள், அதனால் சூடு மிதிக்கும் இடத்துக்கு வரிக் குத்தகைக்காரன் வந்து நின்று அளக்கும்வரை பொலியில் கை வைக்க முடியாது, அவன் தாமதித்தால் மழையில் நனைய வேண்டியதுதான். 1878இல் வந்த சட்டம் அதை மாற்றி, நிலத்துக்கு இவ்வளவு பணம் என்று நிர்ணயித்தது. காசு கையில் இருந்தவனுக்கு அது வசதி. காசு இல்லாதவனுக்கு விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டிய கடன், இலங்கையின் வேறு பகுதிகளில் அந்த வரியால் காணியை ஏலத்தில் இழந்தவர் ஏராளம். 1892இல் நெல் வரியை அடியோடு நீக்கினார்கள். வசதியான குடும்பங்கள் மேலும் வசதியானதற்கு உழைப்பு மட்டும் காரணம் என்று சொல்பவர்களுக்கு நான் இந்த வரிக் கதையைத்தான் சொல்வேன். கையில் காசு வைத்திருந்தவன் அடுத்தவன் காணியை வாங்கினான். எங்கள் வீட்டு உறுதிக் கட்டிலும் அப்படி வாங்கிய துண்டுகள் உண்டு.

வீட்டின் உள்ளமைப்பு எப்படி?

முன்னால் நீளமான விறாந்தை, இரண்டு பக்கமும் திண்ணை. வாரக்காரரும் (விளைச்சலில் பங்கு கொடுத்து வயல் செய்தவர்கள்) வியாபாரிகளும் அங்கேதான் இருந்து பேசினார்கள், அதைத் தாண்டி உள்ளே வந்தவர் குறைவு. நடுவில் மால் (கூடம்), அதில் ஊஞ்சல் கட்டிய கொக்கி இன்னும் வளையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் முற்றம், வானம் பார்த்தது, சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம். வடகிழக்கு மூலையில் சாமியறை. குசினி தனியாகப் பின்னால், நெருப்புப் பயத்தால்.

நெல் அறைக்கு வருவோம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டை வைத்து, அதன்மேல் முதிரைப் பலகை பாவியிருக்கிறார்கள். பலகைகளுக்கு நடுவில் மெல்லிய இடைவெளி, கீழிருந்து காற்று ஏற வேண்டும் என்பதற்காக. ஒரு நெல்மணி விழாத அளவு, ஆனால் ஒரு மெல்லிய ஈர்க்குப் போகும் அளவு. சுவர் உள்பக்கம் மாட்டுச் சாணமும் களிமண்ணும் சேர்த்து மெழுகியது. ஜன்னல் கிடையாது, கூரைக்குக் கீழே சிறிய துவாரங்கள் மட்டும். கதவின் உள்பக்கத்தைப் பார்க்காமல் யாரும் போக வேண்டாம்: உளியால் வெட்டிய சிறு கோடுகள், நான்கு நிமிர்ந்த கோடும் அவற்றைக் குறுக்காக வெட்டும் ஒன்றுமாக, கட்டுக் கட்டாக மேலிருந்து கீழ் இறங்குகின்றன. மூட்டைக் கணக்கு. சில கட்டுகளுக்கு மேலே பிறைபோல ஒரு குறி. அது போகத்தைக் குறித்ததா, வாரம் கொடுத்தவரைக் குறித்ததா என்று வீட்டில் ஆளுக்கு ஒரு விளக்கம் உண்டு. அந்தக் கதவுக்கு வர்ணம் பூச வேண்டாம் என்று அம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்களும் பூசவில்லை.

மரமும் சுண்ணாம்பும் எங்கிருந்து?

காட்டிலிருந்தும் கடலிலிருந்தும். கந்தளாய்ப் பக்கக் காடுகளில் முதிரை, பாலை, சமண்டலை எல்லாம் அப்போது தாராளம். சமண்டலையைச் சாவண்டலை என்றும் சொல்வார்கள். இந்த மரத்துக்கு ஒரு பெருமை உண்டு: சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஓடிய மசூலாப் படகுகளுக்கு இதைத்தான் தேடி வாங்கினார்கள், அங்கே அதற்குப் பெயரே திருகோணமலை மரம். வளையும், தெறிக்காமல் நிற்கும், கறையானும் லேசில் ஏறாது. எங்கள் வீட்டுக் கதவு நிலைகளும் ஊஞ்சல் பலகையும் அது. கைமரம் பாலை, சலாகை பனை. 1885இல் காட்டுச் சட்டம் வந்த பிறகு நினைத்தபடி வெட்ட முடியவில்லை, பின்னால் சேர்த்த அறைகளில் மரம் மெல்லியதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுண்ணாம்பு சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டு எடுத்தது. தம்பலகாமக் குடா சிப்பிக்குப் பெயர்போனது, கண்ணாடிபோல மெல்லிய ஓடுடைய ஒரு சிப்பியில் சிறு முத்து எடுக்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் அங்கே நடந்தது, அரசு அதைக் குத்தகைக்கும் விட்டது. பூச்சு உதிர்ந்த இடத்தில் சரியாகச் சுடாமல் விட்ட சிப்பித் துண்டுகள் பளபளக்கும், பிள்ளைகள் அதைத் தோண்டாமல் பார்த்துக்கொள்வது பெரும் பாடு.

வீட்டிலும் வயலிலும் வேலை செய்தவர்கள் யார்?

இந்தக் கேள்வியைக் குறைவான ஆட்கள்தான் கேட்கிறார்கள். இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் அடிமை முறை இருந்தது. கோவியர், நளவர், பள்ளர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் காணியோடு சேர்ந்த சொத்தாகக் கணக்கில் எழுதப்பட்டார்கள். 1818இல் அடிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது, 1821இல் அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளை விடுவிக்கும் ஏற்பாடு வந்தது, 1844இல் அடிமை முறையே முற்றாக ஒழிக்கப்பட்டது. சட்டம் மாறியதும் வாழ்க்கை மாறிவிட்டதா என்றால் இல்லை. கடன், வாரம், குடியிருக்கும் துண்டுக் காணி ஆகியவற்றால் அதே குடும்பங்கள் அதே வயலில் தொடர்ந்து வேலை செய்தன. விதை நெல்லை முன்கூட்டிக் கொடுத்து, அறுவடையில் கூடுதலாக அளந்து எடுப்பது அன்றைய வழக்கம்.

எங்கள் வீட்டில் பின்பக்கம் ஒரு தாழ்ந்த கதவு இருக்கிறது, அதற்கு வெளியே ஒரு சின்னத் திண்ணை. வயலில் வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு அங்கேதான் போட்டார்கள், தனிப் பாத்திரத்தில். கிணற்றிலும் அவர்கள் வாளி போட விடவில்லை. இதையெல்லாம் ‘அந்தக் கால வழக்கம்’ என்று ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்த நெல் அறையை நிரப்பிய கைகள் அந்தப் பின் திண்ணையில் இருந்து சாப்பிட்ட கைகள். வீட்டைப் பற்றி யார் எழுதினாலும் முன் விறாந்தையை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

அயலில் கிண்ணியா முஸ்லிம் மக்களோடும் நெருங்கிய கொடுக்கல் வாங்கல் இருந்தது: வாரத்துக்கு வயல் செய்தார்கள், மாடு வாங்கி விற்றார்கள், வண்டியும் வள்ளமும் ஓட்டினார்கள்.

வீடு ஏன் அம்மம்மா வழியில் வருகிறது?

சீதனம். இங்கே வீடு பெரும்பாலும் மகளுக்குத்தான் போகும், மருமகன் வந்து சேருவார். வயலில் பங்கு மகன்களுக்கும் உண்டு. அதனால் வீட்டைப் பெருப்பித்தவர்கள் உண்மையில் பெண்கள், எத்தனை மகள் என்பதைப் பொறுத்து அறை கூடியது. நெல் அறைச் சாவியும் பெண்கள் இடுப்பில்தான் இருந்தது.

ஆதிகோணேசர் கோயிலோடு தொடர்பு உண்டா?

ஊரில் எந்தக் கமக்காரக் குடும்பத்துக்குத்தான் இல்லை? போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் கோணேசர் மலைக்கோயிலை இடித்தபோது மறைத்துக் காப்பாற்றிய திருவுருவங்களுக்குத் தம்பலகாமத்தில் கோயில் அமைந்தது என்பது ஊர் மரபு. கோயிலுக்குரிய கடமைகள் குடும்பம் குடும்பமாகப் பிரித்து விதிக்கப்பட்டவை, நெல் அளப்பதும் அதில் ஒன்று. எங்கள் வீட்டில் புதிர் (புது நெல்) எடுக்கும்போது முதல் கதிர் கோயிலுக்கு, அடுத்தது சாமியறை வளையில் கட்ட, அதன் பிறகுதான் குசினிக்கு. குளக்கட்டில் நடக்கும் வேள்விக்கு வீட்டிலிருந்து அரிசியும் தேங்காயும் போகும்.

புதையல் இருக்கிறதாமே?

இல்லை. இருந்த செல்வம் நெல்லும் மாடும் காணியும். தயவுசெய்து யாரும் தோண்ட வர வேண்டாம், ஏற்கெனவே ஒரு தடவை சாமியறைத் தரையை யாரோ பெயர்த்துவிட்டார்கள், அந்தச் செம்மண் தரையை இனி அதேமாதிரி போட ஆள் இல்லை.

இவ்வளவு வசதியாக இருந்த குடும்பம் பிறகு என்ன ஆனது?

கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் காணி பிரிந்தது, பிள்ளைகள் படித்து உத்தியோகம் தேடி நகரத்துக்குப் போனார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது நகரத்தில் இருந்த கிளை முழுவதும் திரும்பி வந்து இந்த வீட்டில்தான் ஒதுங்கியது, சீனக்குடா விமானத் தளம் பக்கத்திலேயே இருந்ததால் இங்கேயும் பயம்தான். 1958 நெற்காணிச் சட்டம் வாரக்குடிகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நெற்காணியை 25 ஏக்கராகவும், மொத்தக் காணியை 50 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. வீட்டுப் பெரியவர்கள் இதை இழப்பாகவே பேசினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, பின் திண்ணையில் சாப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் பெயரில் வயல் செய்கிறார்கள், நல்ல விஷயம்.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வீடுகளும் வயல்களும் அள்ளுண்டு போயின. எங்கள் வீட்டைச் செய்த அதே தண்ணீர் அன்று நெல் அறைப் பலகை மட்டத்துக்கு வந்து நின்றது, அந்தக் கறை இன்னும் சுவரில் இருக்கிறது. அப்புறம் யுத்தம். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடியும் போய், வீடு பூட்டிக் கிடந்த ஆண்டுகளில் ஓடு போனது, ஜன்னல் போனது, பெரிய மரப்பெட்டி போனது. யார் எடுத்தது என்று தேடவில்லை, எல்லாரும் எல்லாவற்றையும் இழந்த காலம் அது.

பழுது பார்க்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதல் விஷயம்: சுண்ணாம்புச் சுவருக்கு சீமெந்து பூச வேண்டாம். சேறும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் அதை வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் உள்ளேயே தங்கி உப்பாகப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சோடு சேர்த்துச் சுவரின் முகத்தையே உரித்துக்கொண்டு விழும். எங்கள் வடபக்கச் சுவருக்கு முன்பு ஒரு மேசன் பூசிவிட்டுப் போன சீமெந்தைப் பிறகு கவனமாகத் தட்டி எடுத்து, நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்போடு ஆற்று மணல் கலந்து மெல்லிய படைகளாகப் பூச வேண்டியிருந்தது. ஒவ்வொரு படையும் காய அவசரப்படக் கூடாது.

இரண்டாவது கூரை. ஒரு ஓடு விலகினால் அன்றே சரிசெய்ய வேண்டும், ஒரு மாரி மழை போதும் வளை உளுத்துப் போக. மாரி தொடங்குமுன் பீலியில் குப்பை எடுத்து, கைமரம் சுவரில் இறங்கும் இடத்தில் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். சத்தம் பொள்ளலாக வந்தால் அந்த மரத்தை மாற்றத்தான் வேண்டும். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம், வர்ணம் எல்லாவற்றுக்கும் கடைசி.

தொல்லியல் சட்டம் இந்த வீட்டைப் பாதுகாக்குமா?

தானாக இல்லை. 1940 தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைத்தான் பொதுவாகப் பார்க்கிறது. பிந்திய கட்டடமென்றால் வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். அதுவரை காப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

எங்கள் குடும்பத்துக்கும் இப்படி ஒரு வீடு இருந்தது. அதன் வரலாற்றை எங்கே தேடுவது?

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பழைய உறுதிகள் எங்கே, யார் பெட்டியில் இருக்கின்றன என்று மூத்த பெண்களிடம் கேளுங்கள், பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். உறுதி இலக்கமும் திகதியும் கிடைத்தால் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எடுத்து, கைமாறிய வரிசையைப் பின்னோக்கிப் பிடிக்கலாம். உறுதியில் வரைபட இலக்கம் இருந்தால் நில அளவைத் திணைக்களத்தில் கேளுங்கள், அது 1800இல் இருந்து இயங்குகிறது. பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1867 சட்டத்துக்குப் பிறகு ஒழுங்காகக் கிடைக்கின்றன, கிறிஸ்தவக் குடும்பமென்றால் தேவாலயப் பதிவேடுகள் அதற்கும் முன்னால் போகும். கச்சேரி (மாவட்ட அரச அலுவலக) ஆவணங்களும் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன, குளம், வரி, வெள்ளம், மாட்டு நோய் என்று ஊர் பெயரோடு குறிப்புகள் வரும்.

உறுதியை வாசிக்கும்போது எல்லை வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். கிழக்கே யாருடைய காணி, தெற்கே எந்த வாய்க்கால், வடக்கே எந்த மரம் என்று எழுதியிருப்பதில்தான் அன்றைய ஊர் முழுவதும் இருக்கிறது. வயலில் வேலை செய்தவர்களின் பெயர்கள் உறுதிகளில் உரிமையாளராக வராது, சாட்சியாகவோ அயல்காணிக்காரராகவோ சில வேளை வரும், அவற்றையும் எழுதி எடுங்கள்.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக. வீட்டில் ஆள் குடியிருக்கிறார்கள், அதனால் தெரிந்த யார் மூலமாவது முதலில் சொல்லிவிட்டு வாருங்கள். அறுவடைக் காலத்தில் வராதீர்கள், பேச யாருக்கும் நேரம் இருக்காது, முற்றம் முழுக்க நெல் காயும். உங்கள் வீட்டு அல்பத்தில் இந்த விறாந்தையோ கிணற்றடியோ தெரியும் பழைய கல்யாணப் படம் ஏதாவது இருந்தால் ஒரு பிரதி கொண்டுவாருங்கள். யுத்தத்துக்கு முன்பு மால் எப்படி இருந்தது என்பதைக் காட்ட எங்களிடம் ஒரு படம்கூட மிச்சமில்லை.